மாமனார் வீட்டு கார்புரேட்டர்

"என்னங்க, பால் காய்ச்சுற பாத்திரத்துல என்ன வேகுது?"

அடுப்படி வாசலில் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள். தக்காளித் தோட்டம் வைத்திருக்கும் அவள் கணவர் கரண்டியால் ஒரு கிளறு கிளறினார்.

"கார்புரேட்டர். அழுக்கு எடுக்கிறேன்."

"எங்கப்பாகிட்டயும் இதே வண்டிதானே இருக்கு? அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"உங்கப்பாகிட்டயா? செத்தாலும் மாட்டேன்."

வாய்க்கொழுப்புதான் காரணம். மாமனாரும் இவரும் ஒரே ஏலத்தில் எடுத்த பழைய தோட்டத்து லாரிகள், அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள். போன மாதம் மாமனார் வீட்டில் தங்கப் போனபோது அவர் வண்டி தள்ளினால்தான் கிளம்பியது. இவர் சும்மா இருந்திருக்கலாம். "வண்டியை வெச்சுக்கத் தெரியணும் மாமா. என் கை பட்டா இரும்புகூட சொன்னபடி கேக்கும்" என்று எல்லார் முன்னாலும் அளந்துவிட்டார். மாமனார் தட்டைப் பார்த்தே சாப்பிட்டு முடித்தார்.

யார் கண் பட்டதோ, அங்கிருந்து திரும்பியதிலிருந்து இவர் வண்டிக்கு ஒரே இருமல். இப்போது வாசலிலேயே படுத்துவிட்டது. தோட்டத்திலோ தக்காளி பழுத்துக் கொட்டுகிறது. நாளைக்குள் சந்தைக்குப் போகாவிட்டால் வருஷத்து உழைப்பு முழுக்க மண்ணோடு மண்தான்.

கொதித்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டினார். பட்டாணி அளவு பித்தளைத் துண்டு ஒன்று துள்ளிக் குதித்துச் சாக்கடைக் குழாய்க்குள் போய்ச் சேர்ந்தது.

"என்னமோ விழுந்துச்சே?" என்றாள் மனைவி.

"அழுக்கு" என்றார்.

அந்தத் துண்டு இல்லாமல் வண்டி அசையவே இல்லை. உதிரி பாகக் கடைக்காரர் கார்புரேட்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதைச் செஞ்ச கம்பெனியையே இழுத்து மூடியாச்சுங்க. புதுசு வரவழைச்சா உங்க வண்டி விலையைவிட ஜாஸ்தி ஆகும்."

அடுத்து பழைய இரும்புக் கடை. அங்கே குவியலுக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்கள். மலிவோ மலிவு.

"இது என் வண்டிக்குப் பொருந்துமா?"

"பொருத்தினா பொருந்தும்" என்றார் கடைக்காரர்.

தண்ணீர் இறைக்கிற இன்ஜினில் இருந்தது அது. கம்பியைச் சுற்றி, ரப்பரைத் திணித்து ஒருவழியாக மாட்டிவிட்டார். சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரு வெடி வெடித்து, பக்கத்து வீட்டு நர்ஸ் காயப்போட்டிருந்த வெள்ளை உடுப்பு அத்தனையிலும் கரியை அப்பியது.

"அண்ணே, இது வண்டியா, செங்கல் சூளையா?"

தெருவே வேடிக்கை பார்க்க, உட்கார்ந்து அத்தனையையும் துவைத்துக் கொடுத்தார். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

துவைத்துப் பிழிகிற நேரத்தில்தான் அந்தக் கேடுகெட்ட யோசனை வந்தது. மாமனார் மதியம் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். அவர் வண்டி கொட்டகையில் சும்மாதானே நிற்கிறது? சந்தைக்குப் போய் வந்ததும் திருப்பி மாட்டிவிட்டால் போச்சு!

பஸ் பிடித்துப் போனார். கழற்றினார். சட்டைக்குள் செருகிக்கொண்டு நழுவப் பார்க்கும்போது மாமியார் பிடித்துவிட்டார்.

"வாங்க மாப்பிள்ளை! சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க? அதென்ன, பெட்ரோல் நெடி அடிக்குது?"

"புது சென்ட், அத்தை."

சத்தம் கேட்டு மாமனாரே எழுந்து வந்துவிட்டார். மாப்பிள்ளை முகத்தை நேராகப் பார்க்காமல், ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கட்டிக் கையில் திணித்தார். கொஞ்ச நாளாகவே இப்படித்தான், வாராவாரம் ஆள் மூலம் கொய்யா அனுப்பிக்கொண்டிருந்தார். மனிதர் இவ்வளவு அன்பாக இருக்கிறார், நான் வயிற்றில் திருட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு நிற்கிறேனே என்று இவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கார்புரேட்டர் கச்சிதமாக உட்கார்ந்தது. வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. விடிந்ததும் தக்காளி முழுக்கச் சந்தைக்குப் போய் நல்ல விலைக்கே போனது. வீடு திரும்பியவருக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. கொய்யாப்பழம் மேஜையில் இருந்து அவரையே பார்த்தது.

அப்போதுதான் மாமனாரிடமிருந்து போன் வந்தது.

"மாப்பிள்ளை, வண்டி கிளம்ப மாட்டேங்குது. உங்க கை பட்டாதான் சரியாகும்."

மனைவியையும் ஏற்றிக்கொண்டு போனார். மாமனார் கொட்டகையில் காத்திருந்தார். இன்ஜின் மூடி இன்னும் திறக்கப்படவில்லை. மாமனாரின் கை அதை நோக்கிப் போனதும் இவருக்குத் தாங்கவில்லை.

"திறக்காதீங்க மாமா! உள்ள கார்புரேட்டர் இல்ல. நான்தான் திருடிட்டுப் போனேன். பெரிய மெக்கானிக் மாதிரி பேசிட்டு உங்ககிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு. என்னை நாலு அறை வேணா அறைங்க."

"அடப்பாவி மனுஷா!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மாமனார் திட்டவில்லை. அறையவும் இல்லை. காது வரைக்கும் சிவந்துபோய், கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை.

வாசற்படியில் நின்ற மாமியார்தான் வாயைத் திறந்தார்.

"நீங்க ஏன் மாப்பிள்ளை அழறீங்க? போன மாசம் நீங்க தூங்குறப்போ உங்க வண்டியிலேருந்து இவரு மாத்தி மாட்டிக்கிட்ட உங்க கார்புரேட்டரைத்தானே நீங்க கழட்டிட்டுப் போயிருக்கீங்க! பின்னே வாராவாரம் கொய்யாப்பழம் எதுக்கு வந்துச்சுன்னு நெனச்சீங்க?"