தொண்ணூற்றேழரை சதவீதப் பங்கேற்பு

வகுப்பறையில் மாணவர் பங்கேற்பு தொண்ணூறு சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. குறைந்தால் என்ன செய்வார்கள் என்று அதில் எழுதவில்லை. அதனால் எல்லோரும் ஒழுங்காகப் பயந்தார்கள்.

கொஞ்சம் கூடுதலாகப் பயந்தவள் தையல்காரம்மா. பதினெட்டு வருஷம் மெஷின் மிதித்துவிட்டு, நாற்பத்து மூன்று வயதில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தவள். கூடப் படிப்பவர்களுக்கெல்லாம் அவள் மகளின் வயசு. மாதிரி வகுப்பில் ஒரு தடவை தோற்றாயிற்று. இன்னொரு தடவை தோற்றால் பழையபடி மெஷின்தான்.

தோற்ற விதம் இது. பிள்ளைக்கு ஒன்றாக நாற்பது அட்டைகள். ஒவ்வொன்றிலும் கறுப்புக் கட்டங்கள். நாலு ஓரத்தில் அ, ஆ, இ, ஈ. எது விடையோ அந்த ஓரம் மேலே வரும்படி தூக்கிக் காட்ட வேண்டும். ஆசிரியர் செல்போன் கேமராவை ஒரு சுற்று காட்டினால், எந்தப் பிள்ளை எந்த விடை என்று அது கணக்குப் போட்டுவிடும். அவளும் கேட்டாள்: அரை பெரிதா, கால் பெரிதா?

"எதுல அரை டீச்சர்?" என்றாள் இரண்டாம் பெஞ்சுச் சிறுமி. "எலுமிச்சம்பழத்துல அரையா? பூசணிக்காயில காலா?"

தையல்காரம்மாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வகுப்பே அட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பூசணிக்காய்க்காகச் சண்டை போட்டது. ஐந்து பிள்ளைகள்தான் அட்டையைத் தூக்கினார்கள். பன்னிரண்டரை சதவீதம் என்றது செல்போன்.

பயிற்சி விரிவுரையாளர் தனியாகக் கூப்பிட்டார். "என்னம்மா, வகுப்பைக் கோட்டை விட்டுட்டீங்களே?"

"எல்லாரும் பேசினாங்களே சார்!"

"பேசினாங்க. பங்கேற்கலையே."

அவள் வீட்டுக்குப் போய் மெஷினில் உட்கார்ந்தாள். நாற்பது துணிப்பைகள் தைத்து, பிள்ளைகளின் மேசைக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கட்டினாள். அட்டை பையில் நேராக நிற்கும். பிள்ளை திருப்பி வைத்தால் போதும். விரிவுரையாளர் பார்த்துவிட்டு 'புத்தாக்க முயற்சி' என்று கோப்பில் எழுதிக்கொண்டார்.

இரண்டாம் மாதிரி வகுப்புக்குப் பத்து மணிக்கு வரவேண்டிய மதிப்பீட்டு அலுவலர் பன்னிரண்டே காலுக்கு எழுந்தருளினார். பிள்ளைகள் விளையாட்டு வகுப்புக்குப் போய்விட்டிருந்தார்கள். அறையில் அட்டைகள் மட்டும் 'அ' மேலே தெரிய வரிசையாக நின்றன.

"ஆரம்பிங்கம்மா."

"பிள்ளைங்க கிரவுண்டுல இருக்காங்க சார். அஞ்சு நிமிஷத்துல கூட்டிட்டு வந்துடறேன்."

"எதுக்கு? அட்டை இருக்கில்ல?"

அவள் காலிப் பெஞ்சுகளைப் பார்த்து, "ஒரே பழத்துல எது பெரிசு? அ, அரை. ஆ, கால்" என்றாள். செல்போனைக் காட்டினாள். பங்கேற்பு நூறு. சரியான விடை நூறு.

அலுவலருக்குக் குரல் தழுதழுத்தது. "இருபது வருஷ சர்வீஸ்ல இவ்வளவு ஒழுக்கமான வகுப்பை நான் பார்த்ததில்லம்மா! இன்னொரு தடவை காட்டுங்க."

அந்த நேரம் பார்த்து இரண்டாம் பெஞ்சுச் சிறுமி தண்ணீர் பாட்டில் எடுக்க ஓடிவந்தாள். தன் அட்டையைப் பையிலிருந்து உருவிக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, "யாருமே இல்லையே, யார்கிட்ட டீச்சர் கேக்கறீங்க?" என்றாள்.

செல்போன் தொண்ணூற்றேழரைக்கு இறங்கியது.

"பாத்தீங்களா? ஒரு பிள்ளை உள்ள வந்ததும் பங்கேற்பு குறைஞ்சுடுச்சு" என்று வருத்தப்பட்டார் அலுவலர். "பரவாயில்ல, தொண்ணூறுக்கு மேலதான். இதையே பதிவு பண்ணிடலாமா, இல்ல எல்லாரையும் கூப்பிட்டு மறுபடி எடுக்கறீங்களா?"

எல்லாரையும் கூப்பிட்டால் பூசணிக்காயும் கூடவே வரும் என்று அவளுக்குத் தெரியும். சிறுமி பதிலுக்குக் காத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். தையல்காரம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே 'பதிவு செய்' என்பதை அழுத்தினாள்.

அவள் தேறினாள். அதே பள்ளியில் வேலையும் கிடைத்தது. அன்று முழுப் பங்கேற்பு காட்டிய முப்பத்தொன்பது பிள்ளைகளுக்கும் மேலிடம் பாராட்டுச் சான்றிதழ் அனுப்பியது. பெற்றோர் கூட்டத்தில் அதை அவளே தன் கையால் கொடுத்தாள்.

கூட்டம் முடிந்ததும் சிறுமியின் அம்மா மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். "எம் பொண்ணுக்கு மட்டும் ஏன் டீச்சர் தரல? அன்னிக்கு அப்படி என்ன தப்பு பண்ணினா?"

தையல்காரம்மாவுக்குப் பொய் வரவில்லை.

"வகுப்புக்கு வந்துட்டாம்மா."

அம்மா மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். "எல்லாப் பிள்ளைங்களும் வெளிய இருக்கறப்ப, உனக்கு மட்டும் அங்க என்னடி வேலை?"