சந்திரம்மாள் பெயரில் நான் தைத்த போர்வை

ஒரகடம்,
14.2.2005

கிறிஸ்துவுக்குள் அன்பான மச்சான் ஏசுவடியான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் யாக்கோபு தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் தங்கை சந்திரம்மாளும் சுகம்தான், ஆனால் ஆறு நாளாக என்னோடு பேசவில்லை. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? குறைந்திருந்தால் உடனே பஸ் ஏறி வரவும். குறையாவிட்டாலும் வரவும்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். எங்கள் சமுதாயக் கூடத்தில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் பெண்களுக்குப் பயிற்சி நடக்கிறது. மெஷின் கிடையாது, எல்லாம் கைத்தையல். துண்டுத் துணிகளைச் சதுரமாக வெட்டிச் சேர்த்து, அடியில் பஞ்சும் பழைய சேலையும் வைத்து, மூன்றையும் பொடிப்பொடியாக ஓட்டுத்தையல் போட்டுப் பிடிக்க வேண்டும். சந்திரம்மாள் ஆசையாகப் பேர் கொடுத்திருந்தாள். இரண்டாம் நாளே குழாயடியில் வழுக்கி மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. "மூணு நாள் போவலன்னா பேரை அடிச்சிடுவாங்க. கை தேவலையாவுற வரைக்கும் நீங்க போய் என் எடத்துல சும்மா குந்தினு இருங்க" என்றாள். சும்மா உட்காரத்தானே என்று போனேன்.

டீச்சர் கனகலட்சுமி, "சும்மா குந்தறதுக்கு இது இன்னா பஸ் ஸ்டாண்டா?" என்று ஊசியைக் கையில் கொடுத்துவிட்டார். இருபத்தெட்டுப் பெண்கள், நடுவில் நான். முப்பது வருஷம் ஃபேக்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவன் கண்ணுக்கு அங்கே நடந்தது பொறுக்குமா, மச்சான்? ஒரு சதுரம் நாலு அங்குலம், இன்னொன்று நாலேகால். மறுநாள் வெர்னியர் காலிப்பரைக் கொண்டுபோய் எல்லோருடையதையும் அளந்து, பதினேழு சதுரங்களில் சிவப்பு சாக்பீஸால் 'ரிஜெக்ட்' என்று எழுதினேன். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு வருகிற கோவில்பட்டிப் பெண் ஒருத்தி, பேச்சி என்று பெயர், "அண்ணாச்சி, இதப் போத்திக்கிட்டுத் தூங்கப் போறோமா, இல்ல இன்ஜின்ல மாட்டப் போறோமா?" என்று கேட்டாள். கூடமே சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூலையில் உட்கார்ந்து தலை நிமிராமல் பத்து நாள் தைத்தேன். அங்குலத்துக்கு எட்டுத் தையல், ஒன்றுகூட ஏறாது, இறங்காது. கடைசியில் அந்தப் பேச்சியே பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பார்த்துப் பார்த்துத் தைக்க ஆரம்பித்தாள்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் அதிகாரி பார்வையிட வந்தார். எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன், மடியிலிருந்த போர்வையும் எழுந்தது. காலையிலிருந்து போட்ட தையல் அத்தனையும் என் வேட்டியையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது! இழுத்தேன், வேட்டிதான் அவிழ்ந்து வந்தது. உள்ளே டிராயர் போட்டிருந்தேன், ஸ்தோத்திரம். அந்த அம்மா போர்வையை மட்டும் பார்த்து, "அச்சு மாதிரி இருக்கே, யார் தைச்சது?" என்றார். டீச்சர் பதற்றத்தில் பதிவேட்டைப் பார்த்து, "சந்திரம்மாள், மேடம்" என்றார். "சந்திரம்மாள் முன்னாடி வாங்க." போர்வை என்னோடு இருக்கிறது, வேறு யார் போவது? "நான்தான் மேடம் சந்திரம்மாள்" என்று சொல்லிவிட்டேன், மச்சான். அவர் என் மீசையைப் பார்த்தார். "ஓ, வீட்டுக்காரம்மாவுக்காகத் தூக்கிட்டு வந்தீங்களா? தண்டலத்துல அடுத்த மாசம் புதுப் பயிற்சி ஆரம்பிக்குது. அங்க அவங்கதான் டீச்சர், சொல்லிடுங்க" என்று பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

டீச்சர் கத்தரிக்கோலால் வேட்டியை வெட்டிப் போர்வையை விடுவித்தார். பேச்சியின் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் வீடு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். சந்திரம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், உள்ளே போனாள், அதோடு சரி. சாப்பாடு தட்டில் வருகிறது, வார்த்தை வரவில்லை. இனி ஊசியைத் தொடமாட்டேன் என்று அவள் காதில் விழும்படி ஜெபத்தில் சொல்லிப் பார்த்தேன், ஆமென்கூடச் சொல்லவில்லை. அவள் ஆசைப்பட்டுச் சேர்ந்த இடம், நான் போய்க் கெடுத்துவிட்டேன். அதுதான் மனசை அறுக்கிறது. நீங்கள் வந்து சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு என் தோத்திரம். பிள்ளைகளைக் கர்த்தர் ஒரு குறைவுமில்லாமல் நடத்துவாராக.

இப்படிக்கு,
நிம்மதி இழந்த,
யாக்கோபு

பின்குறிப்பு: அண்ணா, நான் சந்திரா எழுதறேன். இந்த லெட்டரைத் தபால்ல போடச் சொல்லி அவரு பக்கத்து வூட்டுச் செங்கமலத்துகிட்ட குடுத்தாரு, அவ நேரா எங்கிட்ட கொண்டாந்துட்டா. எனக்குக் கோவமே இல்லண்ணா. வாயத் தொறந்தா சிரிச்சிடுவேன்னு பேசாம கீறேன். ரிடையரானதுலருந்து எட்டு மாசமா வூட்டுலயே குந்தினு நான் சுடற தோசைய ஸ்கேல் வெச்சு அளந்துனு இருந்தாரு. தையலுக்குப் போன நாள்லதான் காலையில குளிச்சு, சட்டை போட்டு, சிரிச்ச மூஞ்சியா வெளிய போனாரு. தண்டலத்துக்கு அவரையே டீச்சராப் போடுங்கன்னு நான் கனகலட்சுமிகிட்ட சொல்லிட்டேன், அவங்களும் அந்த மேடத்துகிட்ட பேசி முடிச்சிட்டாங்க. அவருக்குத்தான் இன்னும் தெரியாது. உனக்குப் புண்ணியமாப் போவும், இப்ப வந்து சமாதானம் கிமாதானம் பண்ணி வெச்சிடாத. வூட்டுல பேச ஆள் இல்லன்னாதான் மனுசன் தண்டலம் கெளம்புவாரு, நான் பேச ஆரம்பிச்சா வூட்டுலயே தங்கிடுவாரு.