அரக்குச் சிவப்பும் மூன்று ‘சரிங்க மாமா’வும்

காதலிக்கிறவன் கையில் பெயிண்ட் டப்பாவைக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சியாக, என் மாமனார் வீட்டு வாசலில் இன்றைக்கும் ஒரு கார் நிற்கிறது.

அப்போது ஓரிக்கைப் பக்கம் ஒரு ஷெட்டில் கார்களுக்குக் கலர் கலக்கிக்கொண்டிருந்தேன். எந்த நிறத்தைக் காட்டினாலும் கலந்துவிடுவேன் என்று ஊருக்குள் பேர் (பரப்பியது நான்தான்). எங்கள் வீட்டில் மெர்சியைப் பெண் கேட்டுப் போயிருந்தார்கள். அவள் அப்பா ஆரோக்கியம் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். பதிலே சொல்லவில்லை. அடுத்த வாரம் தன் பழைய வெள்ளைக் காரில் ஷெட்டுக்கே வந்துவிட்டார். கூடவே மெர்சி, அவள் கையில் அரக்குச் சிவப்பில் முறுக்கிக் கட்டிய ஒரு பட்டு நூல் கழி.

“இதே கலரு வோணும்பா. ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு இதுலதான் போவணும். மத்தத அப்பால பேசிக்கலாம்.”

மத்தது என்றால் மெர்சி.

அந்த மதியம் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. சிவப்பை ஊற்றி, கொஞ்சம் காவி, ஒரு சொட்டு நீலம் விட்டேன். குச்சியால் கலக்கக் கலக்க நிறங்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மெல்லக் கரைந்தன. பக்கத்துத் தெருத் தறிச் சத்தம் தூக்கத்தில் கேட்பதுபோலக் கேட்டது. மெர்சி நூல் கழியை வெயிலில் தூக்கிப் பிடித்திருந்தாள். அதன் சிவப்பு அவள் முழங்கை வரை இறங்கியிருந்தது. நான் நூலைப் பார்த்தேனா, முழங்கையைப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள். நான் பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்தேன்.

ஒரு சின்னத் தகட்டில் அடித்துக் காயவைத்தேன். நூலும் தகடும் அச்சு அசலாக ஒன்று. அங்கேயே நிறுத்தியிருக்கலாம், படுபாவி.

ஆரோக்கியம் தகட்டைப் பார்க்கவில்லை, டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். “என்னாப்பா, இப்பவே வெளிறிக்கினு இருக்குது? காஞ்சா இன்னும் வெளுத்துடும். கறுப்பு உடு.”

அவர் தொழிலில் அது சரிதான். நனைந்த பட்டு நூல் கறுத்துத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். நான் கலந்த பெயிண்ட் நேர் எதிர். காயக் காயக் கறுக்கும். எனக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் மெர்சி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவை எதிர்த்துப் பேசுவதாவது?

“சரிங்க மாமா.”

“இன்னும் கொஞ்சம்.”

“சரிங்க மாமா.”

“பயப்படாத, உடுப்பா!”

“சரிங்க மாமா.”

சனிக்கிழமை அடித்து முடித்தேன். ஞாயிறு காலை வெயிலில் போய்ப் பார்த்தால், அரக்கைக் காணோம். முற்றிப்போன கத்தரிக்காய் நான்கு சக்கரத்தில் நிற்கிறது. சர்ச் வாசலில் ஒரு அம்மா அதைப் பார்த்துச் சிலுவை போட்டுவிட்டு, “யாருப்பா தவறிட்டாங்க?” என்று விசாரித்தாராம்.

சாயங்காலமே அப்பாவும் மகளும் ஷெட்டுக்கு வந்தார்கள். “கலரே தெரியாதவனுக்கு எப்டிப்பா பொண்ணு குடுக்கிறது?”

எனக்கு உயிரே போய்விட்டது. மெர்சி என்னையே முறைத்தாள். “தெரியுமா, தெரியாதா? வாயத் தொறந்து சொல்லு.”

“தெரியும் மாமா,” என்றேன். “இது காஞ்சா கறுக்கும். நீங்க சொன்னதுதான் தப்பு.” அந்தத் தகட்டை எடுத்து நீட்டினேன்.

அவர் நூலைத் தகட்டின்மேல் வைத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்புறம் ஏம்பா சரி சரின்ன?”

“உங்க பொண்ணு நின்னுக்கினு இருந்தாங்க மாமா.”

மெர்சி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை, தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் சம்மதம் வந்தது.

கல்யாணமாகி எட்டு வருடம். இன்றைக்கும் நான் எதற்காவது அவசரமாகத் தலையாட்டினால் மெர்சி, “கறுப்பு உடட்டா?” என்பாள். காரைச் சரியான அரக்கில் அடித்துத் தருகிறேன் என்று வருடா வருடம் மாமனாரிடம் கெஞ்சுகிறேன். அவர் கத்தரிக்காயைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார்:

“இன்னாப்பா அவசரம்? இன்னும் காயல.”