கணவர் என்ற கட்டம்

மாப்பிள்ளை மறுபடியும் கம்ப்யூட்டரில் தன் பெயரை அடித்தார். மனைவிக்கான பக்கத்தில் 'கணவர்' என்ற கட்டத்துக்குள் பெயர் போய் உட்கார்ந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கட்டம் காலி. காலையிலிருந்து இதே கூத்துதான்.

அது குடும்ப விக்கி, சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வைத்து எல்லோரும் சேர்ந்து எழுதுகிற கம்ப்யூட்டர் புத்தகம். மாப்பிள்ளை வீடு, மாமனார் வீடு, மச்சான் வீடு என்று மூன்று வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஆளுக்கொரு பிரதி. ஒரு வீட்டில் எதையாவது மாற்றினால் மற்ற இரண்டும் தானாக மாறிக்கொள்ளும். யார் யாருக்கு என்ன உறவு என்பதையும் அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். உருவாக்கியவர் சாட்சாத் மாப்பிள்ளைதான். அந்தப் பெருமையில் கொஞ்ச காலமாகவே அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்று சாயங்காலம் மாமனார் சொந்தபந்தம் அத்தனை பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, பெரிய திரையில் அதைப் போட்டுக் காட்டப்போகிறார். ஒரு எழுத்துகூடப் பிசகாது என்று வாய் கிழியச் சொல்லி வைத்திருந்தார் மாப்பிள்ளை.

எழுத்து பிசகவில்லை. ஆளே பிசகிவிட்டார். கணவர் கட்டம் காலியானதும் விக்கி தன் கணக்கைப் போட்டு, மாப்பிள்ளையின் பக்கத்தில் 'இந்தக் குடும்பத்துடன் உறவு: எதுவுமில்லை' என்று காட்டியது. இத்தனை பேர் முன்னால் அது திரையில் வந்தால் மானம் கப்பலேறிவிடும்.

மனைவியிடம் யோசனை கேட்கலாமென்றால் அவள் பக்கத்தில் இல்லை. போன வாரம் அவள் ஏதோ சொல்ல வந்தாள், இவர் விக்கியிலிருந்து தலையைத் தூக்காமல் "ஒரு நிமிஷம்" என்றார். அந்த நிமிஷம் ராத்திரி வரைக்கும் முடியவில்லை. கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வேலை முடிந்ததும் கூப்பிட்டுச் சமாதானம் பேசிக்கொள்ளலாம் என்றிருந்தார். வேலை எங்கே முடிந்தது?

யோசித்து யோசித்துக் கடைசியில், தன் பெயர் ஒழுங்காக இருந்த போன மாதத்துப் பிரதியைத் தேடியெடுத்து மூன்று வீட்டுக்கும் அனுப்பினார். பெயர் வந்தது. கூடவே மச்சானிடமிருந்து போனும் வந்தது.

"மாப்ள, என் பையனைக் காணோம்."

குழந்தை பிறந்தே பதினைந்து நாள்தான் ஆகிறது. போன மாதத்துப் பிரதியில் அவன் எப்படி இருப்பான்? பதறிப்போய்க் குழந்தையைச் சேர்த்தார். சேர்த்த அவசரத்தில் மச்சான் மனைவியின் பக்கத்தில் போடவேண்டியவனைத் தன் மனைவியின் பக்கத்தில் போட்டுவிட்டார். அதற்குள் கணவர் கட்டம் மறுபடி காலியாகியிருந்தது. அடுத்த போன் மாமனாரிடமிருந்து. அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"எனக்கு ஒண்ணும் புரியல மாப்பிள்ளை. என் பொண்ணுக்குப் பையன் பொறந்திருக்கான்னு போட்டிருக்கு. புருஷன் இல்லைன்னும் போட்டிருக்கு."

இதோ சரிபண்ணிவிடுகிறேன் என்று உளறிவிட்டு, குழந்தையை உரிய தாயிடம் ஒப்படைத்தார். தன் பெயரை அடித்து, யாரும் தொடமுடியாதபடி கட்டத்தைப் பூட்டி, எல்லாவற்றுக்கும் போடுகிற அதே பாஸ்வேர்டைப் போட்டார். கண் முன்னாலேயே பூட்டு திறந்தது. பெயர் போனது.

அழிப்பு எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் தேடிப் பார்த்தார். மாமனார் வீட்டுக் கம்ப்யூட்டர். அவருக்கு உயிரே திரும்பி வந்தது. அரதப் பழசு, அதற்குத்தான் ஏதோ கோளாறு. விருந்தாளிகள் வருகிற நேரமாகிவிட்டது. உடனே அந்த வீட்டிலிருந்த மைத்துனியைக் கூப்பிட்டார். கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா, வயரெல்லாம் ஒழுங்காக மாட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஒன்றும் பிடிபடாவிட்டால் அணைத்தே போட்டுவிடு, என் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து திரையில் காட்டிக்கொள்ளலாம் என்றார். அவள் போனைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

காத்திருந்த நேரத்தில் மாப்பிள்ளை இன்னொரு தடவை தன் பெயரை அடித்தார். போனுக்குள் யாரோ கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கட்டம் காலி.

"கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு அத்தான்," என்றாள் மைத்துனி. "அக்காதான் அது முன்னாடி உக்காந்து, நீங்க போடப் போட அழிச்சிட்டிருக்கா. பேரை அழிச்சாலாவது உங்ககிட்டேர்ந்து ஒரு போன் வரும்னு சொன்னா. வந்துச்சு, கம்ப்யூட்டர் எப்படி இருக்குன்னு கேட்டு."