அட்டைகளைப் பொறுப்புடன் கையாளுதல்

மாணவர் கையில் கடன் அட்டையைத் திணித்துவிட்டு, அதை அளவோடு தேய்ப்பது எப்படி என்று அவர்களுக்கே வகுப்பும் எடுக்கும் வங்கியின் தாயுள்ளம், மனித நாகரிகத்தின் சிகரம். அந்தச் சிகரத்தில் ஏறி நின்று பேசும் பாக்கியம் கல்லூரியின் விலங்கியல் விரிவுரையாளருக்குக் கிடைத்தது.

விலங்கியலுக்கும் வங்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் அலுவலக நடைமுறை அறியாதவர்கள். வங்கி அனுப்பிய தலைப்பு, 'கடன் மற்றும் பற்று அட்டைகளைப் பொறுப்புடன் கையாளுதல்'. சுற்றறிக்கைப் படிவத்திலோ மூன்று சொல்லுக்குத்தான் இடம். தலைமை எழுத்தர் தீர ஆலோசித்து, முன்பாதியை 'நிர்வாக நலன் கருதி' வெட்டினார். மிஞ்சியதைப் படித்துப் பார்த்தார். அட்டை என்றால் ரத்தம் குடிக்கும் புழு. புழு என்றால் விலங்கியல். கோப்பு நகர்ந்தது.

"நல்லா பேசுங்க. பாங்க்காரங்க சந்தோஷப்பட்டா உங்க வேலையை நிரந்தரம் பண்ணிடலாம்" என்றார் முதல்வர்.

ஒன்பது வருடமாக விரிவுரையாளர் தற்காலிகம். வழுக்கை ஒன்றுதான் அவருக்கு நிரந்தரமாகியிருந்தது. பாங்க்காரர்களுக்குப் புழு மேல் எதற்கு இத்தனை அக்கறை என்று ஒரு நொடி யோசித்தார். கேட்டுக் கெடுத்துக்கொள்வானேன் என்று விட்டுவிட்டார்.

அரங்கு நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் கோட்டு போட்ட வங்கி அதிகாரி. வாசலில் மேஜை நிறைய முந்நூறு விண்ணப்பப் படிவங்கள்.

"அட்டை ஒட்டும்போது வலிக்கவே வலிக்காது. அதுதான் அதோட சாமர்த்தியம்" என்று ஆரம்பித்தார் விரிவுரையாளர். "நீங்க பாட்டுக்கு ஜாலியா சுத்திட்டிருப்பீங்க. வீட்டுக்கு வந்து பாத்தாதான் எவ்வளவு போயிருக்குன்னு தெரியும்."

"உவமையிலேயே பின்றாருடா!" என்று ஒருவன் கிசுகிசுத்தான். இன்னொருவன் எழுந்தான்.

"சார், கொஞ்சம் கொஞ்சமா குடுத்துட்டே வந்தா விட்டுடுமா?"

"குடுக்கக் குடுக்க அதுதான் பெருக்கும். நீ இளைப்பே."

"எங்கப்பாகிட்ட நாலு இருக்கு சார்."

"நாலா! மனுஷன் நடமாடுறாரா?"

"நடமாடுறாரு சார். போன் அடிச்சா மட்டும் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவாரு."

'நரம்புத் தளர்ச்சி' என்று விரிவுரையாளர் கவலையோடு குறித்துக்கொண்டார்.

"கடன் அட்டை பத்திச் சொல்லுங்க சார்" என்றாள் கடைசி வரிசைப் பெண். அவர் காதில் அது, கடலடியில் ஊரும் கடல் அட்டை என்று விழுந்தது.

"பாக்க சாது. நெருக்கடின்னு வந்தா குடலே வெளிய வந்துடும்."

"அப்போ பற்று அட்டை?"

"எல்லா அட்டையும் பற்றத்தாம்மா செய்யும்!"

அதிகாரி கோட்டைக் கழற்றி விசிறிக்கொண்டார். விரிவுரையாளர் பையிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து உயர்த்திப் பிடித்தார். உள்ளே இரண்டு நெளிந்தன.

"ஒட்டினப்புறம் உப்பு, சுண்ணாம்புன்னு அலையறதை விட, ஒட்ட விடாம இருக்கிறதுதான் புத்திசாலித்தனம்!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. முந்நூறு படிவங்களும் மேஜையிலேயே கிடந்தன. வெளியே வரும்போதுதான் விரிவுரையாளர் அதில் ஒன்றை எடுத்துப் படித்தார். வங்கி சொன்ன அட்டை எதுவென்று புரிந்ததும், புட்டியைப் பைக்குள் திணித்துக்கொண்டு முதல்வர் அறைக்கு ஓடினார்.

அவர் உள்ளே நுழைவதற்குள், அங்கே உட்கார்ந்திருந்த வங்கி அதிகாரியின் புகார்க் கடிதம் தயாராகியிருந்தது. 'வங்கியின் தொழில் ரகசியங்களைப் பொதுமேடையில் வெளியிட்டமை' என்பது குற்றச்சாட்டு. ஒன்பது வருடக் காத்திருப்பு ஒரே நாளில் பாழாகப் போகிறதே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"சார், சத்தியமா உங்க கார்டைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசலை! ரத்தத்தை உறிஞ்சுற அட்டையைப் பத்தித்தான் பேசினேன்!"

அதிகாரி மேஜையில் ஓங்கி அடித்தார்.

"அதைத்தானேய்யா நாங்களும் புகாரா எழுதியிருக்கோம்!"