மேடே இல்லாத தெரு

"அங்கேயே நில்லுங்க! ஒரு அடி கூட எடுத்து வைக்காதீங்க!" என்று கிளைவ் ஸ்டானிஃபோர்த் தொலைபேசியில் கத்திய கத்தலில், அவர் மனைவி பாலின் கையிலிருந்த பிஸ்கட்டைத் தேநீருக்குள் நழுவவிட்டாள்.

"யாரை மிரட்டுற?"

"வீடு பார்க்க வர்றவங்க. மேல் ஸ்டாப்புல இறங்குங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கீழ் ஸ்டாப்புல இறங்கி நிக்கிறாங்க. அங்கிருந்து நடந்து வந்தா வீடு வாங்குவாங்களா? ஆம்புலன்ஸைத்தான் கூப்பிடுவாங்க."

ஷெஃபீல்டில் வாக்லி பகுதியில் எந்தத் தெருவுமே சமமில்லை. அதிலும் பார்லி ஹில் சாலை, தெரு என்பதைவிட நிமிர்த்தி வைத்த ஏணி என்பதே பொருத்தம். முப்பத்தாறு வருஷம் அதில் ஏறி இறங்கி, கிளைவின் இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. வீட்டை விற்றுவிட்டுச் சமதரையில் ஒரு சின்ன வீடு வாங்கலாம் என்று பார்த்தால், வருகிறவர்கள் எல்லாரும் வாசலோடு திரும்பினார்கள். கடைசியாக வந்தவர் படியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார், குடித்தார், வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

இன்று வரும் லம்லி தம்பதி கிழக்கே எங்கோ தட்டையான ஊர்க்காரர்கள். மேட்டைக் கண்டாலே மிரண்டுவிடுவார்கள் என்று கிளைவ் கணக்குப் போட்டிருந்தார். நல்லவேளையாக நவம்பர் மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

"உண்மையைச் சொல்லிடேன் கிளைவ்" என்றாள் பாலின். "பனி நாளைக்கு விலகிடும். மலை விலகாது."

"நாளைக்குள்ள கையெழுத்து வாங்கிடுவேன்."

காரை எடுத்துக்கொண்டு கீழே போனார். லம்லி தம்பதியைப் பின்சீட்டில் ஏற்றி, நேராக வராமல் ஊரைச் சுற்றி மேல்வழியாகக் கொண்டுவந்தார். ஆனால் சுற்றி வந்தாலும் ஏறித்தானே ஆகவேண்டும்? கார் முதல் கியரில் முக்கி முனகியது.

"என்ன இப்படிக் கத்துது? ஏதாவது மேட்டுல ஏறுதா?" என்று ஆவலாகக் கேட்டாள் திருமதி லம்லி.

"மேடா? சேச்சே. வண்டி பழசும்மா. சமதரையிலயே இப்படித்தான்."

"எனக்குக் காது அடைக்குதே" என்றார் லம்லி.

"ஜலதோஷமா இருக்கும்."

வீட்டு வாசலில் நிறுத்தி, வழக்கம்போலச் சக்கரத்துக்கு அடியில் செங்கல்லை முட்டுக்கொடுத்தார். பழக்கதோஷம். லம்லி பார்த்துவிட்டார்.

"அது எதுக்குங்க?"

"எது? இதுவா? இது... யாரோ போட்டுட்டுப் போன கல்லு. குப்பை." காலால் எத்திவிட்டார். கார் ஒரு சாண் தானாக நகர்ந்தது. கிளைவ் பாய்ந்து போய்ச் செங்கல்லை மறுபடியும் செருகினார். "இருக்கட்டும், அழகா இருக்கு."

உள்ளே பாலின் தேநீரும் கேக்கும் வைத்தாள். லம்லி தம்பதி படுக்கையறையையும் பார்க்கவில்லை, குளியலறையையும் கேட்கவில்லை. திருமதி லம்லி நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்:

"தெருப் பேர்ல ஹில்னு இருக்கே?"

இதற்குக் கிளைவ் நேற்றே பதில் தயாரித்து வைத்திருந்தார். "ஹில்ங்கிறது ஒரு ஆளு பேரும்மா. பார்லி ஹில். அந்தக் காலத்துப் பெரிய மனுஷர். ரொம்பக் குள்ளமா இருப்பாராம்."

பாலின் இருமினாள். திருமதி லம்லியின் முகம் கொஞ்சம் வாடியது.

நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கிளைவ் இன்னும் அழுத்தினார். "இந்தப் பக்கத்துலயே தாழ்வான தெரு இதுதான். சந்தேகமே வேண்டாம்."

"தாழ்வா?" லம்லி மனைவியைப் பார்த்தார். "ஏஜென்ட் அப்படிச் சொல்லலையே."

"ஏஜென்டுக்கு என்னங்க தெரியும்? இங்கயே குடியிருக்கிறவன் நான் சொல்றேன்."

அந்த நேரம் பார்த்துத் தெருவில் கடகடவென்று ஒரு சத்தம். ஜன்னலுக்கு வெளியே, பனிக்குள்ளிருந்து சக்கரம் வைத்த நீலக் குப்பைத்தொட்டி ஒன்று தன்னந்தனியாக வந்தது. யாருக்காகவும் நிற்காமல் இடமிருந்து வலமாக ஓடி மறைந்தது. எங்கோ கீழே 'டமார்' என்றது.

"அது என்னங்க?"

"காத்து."

"இலைகூட அசையலையே."

"குப்பை வண்டி வர்ற நாளும்மா. எங்க ஊர்த் தொட்டிகளுக்கு அது தெரியும்."

பாலின் சமையலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

லம்லி எழுந்து பின்பக்க ஜன்னலிடம் போனார். வெளியே வெள்ளைப் பனி. அதற்குக் கீழே முழு நகரமும் பள்ளத்தில் கிடந்தது; அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. "நேராவே கேக்குறேன், ஸ்டானிஃபோர்த். இங்கிருந்து ஆறு எவ்வளவு கீழ இருக்கு?"

கிளைவுக்குப் பொறுமை போய்விட்டது. உயரத்தைக் கண்டு இப்படியா ஒரு மனிதன் பயப்படுவான்? ஒரே போடாகப் போட்டுவிட வேண்டியதுதான்.

"கீழயா? ஆறும் நம்ம தோட்டமும் ஒரே மட்டம்ங்க! பின்கதவைத் திறந்து நாலு எட்டு வெச்சீங்கன்னா தண்ணியில காலை நனைக்கலாம்!"

திருமதி லம்லி தேநீர்க் கோப்பையை வைத்தாள். "போலாம் டெரெக்" என்றாள். "இப்பவே போலாம்."

கோட்டைக்கூடச் சரியாக மாட்டாமல் இருவரும் வெளியேறினார்கள். கிளைவ் பின்னாலேயே ஓடி, "நான் கார்ல கொண்டுபோய் விடுறேன்!" என்றார். "வேண்டாம், டாக்ஸிக்குச் சொல்லிக்கிறோம்" என்று பனிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

கதவைச் சாத்திவிட்டுச் சோபாவில் விழுந்தார்.

"இதுக்கு மேல எவ்வளவுதான் இறக்குறது?" என்றார் எரிச்சலோடு. "தெருவை ஆத்து மட்டத்துக்கே கொண்டுவந்துட்டேன். அப்பவும் பிடிக்கலைன்னா எப்படி?"

"இன்னும் கொஞ்சம் இறக்கிக் கடலுக்குள்ள வெச்சுப் பாரேன்" என்றாள் பாலின். மீதிக் கேக்கைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

அரைமணி நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. மேட்டில் அடுத்த வீட்டு மேவிஸ். எண்பதை நெருங்குகிறவள்; எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். அவள் மூச்சுவிடும் நேரம் போக மீதி நேரமெல்லாம் இந்த மேட்டைத் திட்டுவாள். அதனாலேயே வீடு பார்க்க யாராவது வந்தால் கிளைவ் அவளைக் கண்ணில் காட்டுவதில்லை.

"உன் தொட்டியா ஓடினது?" என்றார் கிளைவ் கடுகடுப்பாக.

"ஆமா கண்ணு. அதைத் தேடி வெளிய வந்தேன். பனியில ஒரு ஜோடி நின்னுச்சு. குளிருதேன்னு உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சேன்." மேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் வீட்டை வாங்கிக்கிறாங்களாம்."

கிளைவ் எழுந்தே விட்டார். "நீ விக்கப்போறதா சொல்லவே இல்லையே!"

"எனக்கே தெரியாதே. இருபது நிமிஷத்துல பேசி முடிச்சிட்டாங்க. நீ கேட்ட விலையைவிட அதிகம்."

"அவங்ககிட்ட அப்படி என்னதான் சொன்ன?"

"வழக்கமா புலம்புறதைத்தான் கண்ணு. 'இது தெருவா, உசுரை வாங்குற மலை'ன்னேன். அந்தப் பொண்ணு என்னைக் கட்டிப் புடிச்சு அழுதுட்டா. அவங்க வீட்டுக்குள்ள மூணு வருஷத்துல ரெண்டு தடவை ஆத்துத் தண்ணி புகுந்துடுச்சாம்."