செபமாலை அண்ணையை நான் கொன்ற ஞாயிற்றுக்கிழமை

கத்தி, துவக்கு எதுவும் இல்லாமல் நான் ஒரு மனிதரைக் கொன்றிருக்கிறேன். ஒரு புத்தகம் போதுமாக இருந்தது.

அப்போது இத்தாலியின் கால்சாப் பகுதியில் ஓர் ஆங்கிலேயச் சின்யோரா அம்மாவின் வீட்டில் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய பூட்டன் விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் பெரிய பதிப்பாளராம். புத்தகக் கடையில் தரை கூட்டத் தொடங்கியவர், ஏழைகளுக்கென்று மலிவுப் பதிப்புகள் போட்டு, ரயில் நிலையமெல்லாம் விற்று, கடைசியில் அந்தக் கடையையே வாங்கிவிட்டாராம். (நானும் தரைதானே கூட்டுறன்! பதிப்பாளராக வேறென்ன தகுதி வேணும்?)

எழுத்தாளரும் கிடைத்தார். மன்னார்க்காரரான செபமாலை அண்ணை. பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு கிழவரைப் பராமரித்துக்கொண்டே, ஊரை விட்டு வந்த கதையைக் கொப்பி கொப்பியாக எழுதி வைத்திருந்தார். தலைப்பு ‘போய் வாறன்’. பூட்டன் போட்ட புத்தகங்களைப் பார்த்து, நான் அட்டைக்குக் கம்பீரமாக ஒரு தடித்த கறுப்புக் கரை போட்டேன். நடுவில் அண்ணையின் படம்.

ஞாயிறு பூசைக்கு முன் கோவில் வாசலில் அடுக்கி வைத்தேன். இப்படியான அட்டையை எங்கள் சனம் ஒரே இடத்தில்தான் பார்த்திருக்கிறது: செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அடிக்கும் நினைவுமலரில். ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்து, “நல்ல மனிசன்” என்றார்கள். புத்தகம் பிடித்துவிட்டது என்று நினைத்து, “ஓம், ஓம்” என்று பல்லைக் காட்டினேன்.

ரயில் பிந்தியதால் அண்ணை பூசை நடுவில் வந்து, கடைசி வாங்கில் என் பக்கத்தில் முழந்தாளிட்டார். மரித்தோருக்கான மன்றாட்டில் சுவாமியார் அவர் பெயரை வாசித்தார். அண்ணையும் பக்தியாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

“பாவம், என்ர பேர்க்காரர் ஆரோ.”

முன்வாங்குப் பெண் திரும்பிப் பார்த்து வீரிட்டுக் கத்தினார்.

அதற்குள் அட்டை வாட்ஸ்அப்பில் மன்னாருக்குப் போய்விட்டது. அண்ணையின் தங்கச்சி மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில். அண்ணை கோவில் படியில் குந்தியிருந்து, “நான்தான், உயிரோடை இருக்கிறன்” என்று ஒவ்வொரு அழைப்புக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அறைவார் என்று காத்து நின்றேன்.

“பதினைஞ்சு வருசமாக் கதைக்காத என்ர அண்ணன் போன் எடுத்தவர், தம்பி,” என்றார் மெதுவாக. “என்ர குரலைக் கேட்டவுடனை வைச்சிட்டார்.”

என் பதிப்பகம் அன்றே மூடப்பட்டது. இன்றும் நான் பேனையை எடுத்தால் மனைவி, “இந்த முறை ஆர்?” என்று கேட்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு மாரிகாலத்தில் அண்ணை உண்மையாகவே போய்விட்டார். தங்கச்சிக்கு அறிவிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. போன் எடுத்துச் சொன்னேன்.

“இரண்டாம் பதிப்போ, தம்பி?” என்று அவர் சிரிக்கத் தொடங்கினார்.

சிரித்து முடிக்கும்வரை போனைப் பிடித்தபடி நின்றேன்.